வளவில் திகில் படம் போட்டு வாதம் நடத்துவது எப்படி

வீட்டுக்குள் ஆள் புகும் படம் ஒன்றை இருபது பேர் சேர்ந்து பார்த்தால், முடிந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மூச்சு விட முடியல" என்று ஒரு கட்சி. "இதுக்கா இவ்வளவு பில்டப்பு" என்று மறு கட்சி. இந்தச் சண்டையில் பாதிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத் திரையில் கால்வாசியைத் தூண் மறைத்திருக்கும். பின்வரிசைக்குக் கிசுகிசுப்பு கேட்டிருக்காது. இருட்டுக் காட்சி வெறும் கறுப்பாகத் தெரிந்திருக்கும். முதலில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கும்படி செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வேறுபாடுதான் உட்கார்ந்து பேசத் தகுந்தது.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மணிவிழாவுக்கோ பொங்கலுக்கோ பங்காளிகள் கூடும்போது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டில், படம் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. சினிமாவுக்கு இந்த ஊர் புதிதில்லை. ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன் இருந்த இடம் காரைக்குடிதான். 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான்.

எந்தப் படம்

முதல் முறை நடத்துகிறவர்களுக்கு 2002இல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்த 'பேனிக் ரூம்' நல்ல தேர்வு. ஓட்டம் 112 நிமிடம். ஒரே வீடு, ஒரே இரவு. தாயும் மகளும் புதிதாகக் குடிவந்த வீட்டில் மூன்று பேர் புகுகிறார்கள். இவர்கள் எஃகுக் கதவு போட்ட பாதுகாப்பு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள். வந்தவர்கள் தேடி வந்த பொருளும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலம் பிடிபடாத பெரியவர்கள் அதிகம் இருந்தால் 2016இல் வந்த 'ஹஷ்' எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேச்சே குறைவு. காது கேளாத பெண் எழுத்தாளர் ஒருவர் காட்டு வீட்டில் தனியாக இருக்கிறார் என்பது புரிந்தால் மீதி தானாகப் புரியும்.

இரண்டுமே குழந்தைகளை உட்காரவைத்துப் பார்க்கும் படங்கள் அல்ல. தளத்தில் போட்டிருக்கும் வயதுக் குறியை முதல் நாளே பாருங்கள். 'ஏ' என்று இருந்தால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேல்மாடிக்கு அனுப்பி வேறு படம் போட்டுக்கொடுங்கள். "கண்ணை மூடிக்கடா" என்பது வேலைக்காகாது. இந்தப் படங்களில் சத்தம்தான் பயமுறுத்துகிறது.

ஓ.டி.டி. சந்தா வீட்டார் பார்ப்பதற்கானது. ஊரை அழைத்துத் திரையிடுவதானால், காசு வாங்காவிட்டாலும் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வேண்டும்.

இருட்டு

முற்றம் வானம் பார்த்தது, அதனால் நாள் பார்க்காமல் தேதி குறிக்க வேண்டாம். பௌர்ணமியை ஒட்டி வைத்தால் ஒன்பது மணிக்கு நிலா முற்றத்துக்குள் இறங்கும். வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தை வாங்கித் திரைமேல் கொட்டும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. தேய்பிறை சஷ்டிக்குப் பிறகு என்றாலும் பரவாயில்லை, நிலா எழுவதற்குள் படம் முடிந்துவிடும். மே மாதத்தில் ஏழே கால் வரை வானத்தில் வெளிச்சம் நிற்கும், மார்கழியில் ஆறே முக்காலுக்கே இருட்டிவிடும். தொடங்கும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

சாமி வீட்டில் எரியும் விளக்கை அணைக்கச் சொல்லி ஆச்சியிடம் போய் நிற்காதீர்கள். விளக்கு எரியட்டும். முன்னால் ஒரு தட்டியை நிறுத்தி வெளிச்சம் திரைப் பக்கம் வராமல் மறைத்தால் போதும். பூச்சிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். புரொஜெக்டர் ஒளியைத் தேடி வரும் ஈசல் திரையில் ஊர்ந்தால், கத்தி தூக்கும் காட்சியில் கூட்டம் சிரித்துவிடும். படம் தொடங்க அரை மணி முன்பே கொல்லையில் ஒரு வெள்ளை பல்பைப் போட்டுவிட்டால் பெரும்பாலானவை அங்கே போய்விடும். கொல்லைக் கதவு திறந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

திரை

பளபளவென்று இருக்கிறதே, வளவுச் சுவரிலேயே அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சின் மினுமினுப்புதான் இங்கே தொல்லை. நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், ஓரங்கள் மங்கும். மினுக்கமில்லாத கெட்டித் துணி வேண்டும். மெல்லிய மல் துணி என்றால் இரண்டாக மடித்துத் தைத்து, பின்னால் கறுப்புத் துணி ஒன்று கொடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பாதி பின்பக்கம் போய்விடும்.

10 அடி அகலம், 5 அடி 8 அங்குல உயரம் இருபது முப்பது பேருக்குப் போதும். முற்றத்தின் குறுகிய பக்கத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டுங்கள். ஆணி அடிக்கவே கூடாது. தூணைச் சுற்றிப் பழைய துணி சுற்றி, அதன்மேல் கயிறு. கீழ் விளிம்பில் ஒரு பைப்பைச் செருகித் தைத்துவிட்டால் காற்றுக்கு ஆடாது. கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி இருக்கட்டும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவரின் தலை மூன்றடிக்குக் கீழேதான் நிற்கும்.

'பேனிக் ரூம்' அகலத்திரைப் படம். 10 அடித் துணியில் மேலும் கீழும் சுமார் எட்டரை அங்குலம் கறுப்பாக இருக்கும். யாராவது "முழுசாத் தெரியல" என்று சொன்னவுடன் ஜூம் போட்டு நிரப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பக்கவாட்டில் வெட்டுப்படும். ஃபிரேமின் ஓரத்தில்தான் ஆள் நிற்பான்.

புரொஜெக்டரில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று த்ரோ விகிதம். அதைத் திரை அகலத்தால் பெருக்கினால் வைக்க வேண்டிய தூரம் கிடைக்கும். விகிதம் 1.5 என்றால் 10 அடித் திரைக்கு 15 அடி. இரண்டாவது வெளிச்சம். கும்மிருட்டில் இந்த அளவுத் திரைக்கு 900 லூமென்ஸ் போதும் என்பது கணக்கு. பெட்டியில் அச்சடித்திருப்பது அதிகபட்ச மோடில் கிடைப்பது, சினிமா மோடுக்கு வந்தால் பாதிவரைகூட இறங்கும். அதனால் 2,500 முதல் 3,000 ஆன்சி (தர முறைப்படி அளந்த) லூமென்ஸ் உள்ளதாக வாடகைக்கு எடுங்கள். 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் பெரிய எண் மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். படம் கோணலாக விழுந்தால் கீஸ்டோன் பட்டனை அமுக்குவதைவிட மேசைக்காலுக்குக் கீழே சக்கை வைத்து நேராக்குவது மேல். கீஸ்டோன் கூர்மையைத் தின்றுவிடும்.

அடுத்ததை முதல் நாள் இரவே சோதித்தாக வேண்டும். படத்தின் இருட்டான காட்சி ஒன்றில் நிறுத்தி, கறுப்புக் கோட்டின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வேறு வேறு ஹெச்.டி.எம்.ஐ. வண்ண வரம்பில் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் 'ஃபுல்' அல்லது இரண்டையும் 'லிமிடெட்' என்று ஒன்றாக வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பதே தெரியாமல் பாதிக் கூட்டம் படத்தைத் திட்டும். போனிலிருந்து நேராகக் காட்டலாம் என்று கடைசி நேரத்தில் இறங்கினால், சில செயலிகள் திரையைக் கறுப்பாக்கிவிடும். அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து 500 வாட்டைத் தாண்டாது. பழைய வயரிங்கில் எர்த் இல்லாத பிளக்குகள் உண்டு என்பதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உள்ள ஒரு பாயிண்டைப் பார்த்துவைத்து, அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் இழுங்கள். வேறு வேறு பாயிண்டில் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். புரொஜெக்டருக்கு மட்டும் ஒரு 600 வி.ஏ. யு.பி.எஸ். கொடுத்தால், கரண்ட் போனாலும் விசிறி ஓடி பல்பு ஆற நேரம் கிடைக்கும்.

சத்தம்

மார்பிள் தரை, ஆத்தங்குடிக் கல், இழைத்த சுவர் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. வசனம் கொழகொழத்துப் போகும். தரை முழுக்க ஜமுக்காளம், பாய் விரியுங்கள். பார்வையாளருக்குப் பின்னால் உள்ள சுவரில் கெட்டியான போர்வைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். கொடியில் நாலு கண்டாங்கிச் சேலை போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. ஸ்பீக்கர்களைத் திரைக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்தவர் காது உயரத்தில், உள்நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள். பட்டாலை மூலையில் தள்ளி வைத்தால் வெறும் 'டம் டம்'தான் மிஞ்சும். புளூடூத் வேண்டாம், வயர் போடுங்கள். உதட்டுக்கும் குரலுக்கும் இடையே விழும் கால் நொடி இடைவெளியில் பயம் செத்துவிடும்.

ஆடியோ டிராக்கில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்தால், ஸ்பீக்கர் இரண்டே உள்ளவர்கள் ஸ்டீரியோவை எடுங்கள். 'நைட் மோடு' அணைந்திருக்க வேண்டும். அது கிசுகிசுப்பையும் கதறலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒலி அளவு வைக்கும் முறை இது: கிசுகிசுக்கும் காட்சி ஒன்றைப் போட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, அவர் வசனத்தைத் திருப்பிச் சொல்லும்வரை ஏற்றுங்கள். பிறகு பெரிய சத்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். காது வலித்தால் பேஸை மட்டும் குறையுங்கள்.

சப்டைட்டிலில் ஒரு சூட்சுமம். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் 'கதவு கிறீச்சிடுகிறது' என்று சத்தத்தையும் எழுதிக் காட்டும். பல சமயம் சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்பே எழுத்து வந்துவிடும். அதைப் படிக்கிறவர் பயப்பட மாட்டார், பிறகு "ஒண்ணுமில்ல இந்தப் படத்துல" என்பார். வசனம் மட்டும் உள்ளதை எடுங்கள். காது மந்தமான ஐயா ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மட்டும் மற்றது, அதையும் எல்லோரிடமும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

தின்பண்டம் விஷயத்தில் தேன்குழலும் சீப்புச் சீடையும் படம் முடிந்த பிறகுதான். அமைதியான காட்சியில் இருபது வாய் நொறுக்கினால் திருடன் நடக்கும் சத்தம் கேட்காது. கருப்பட்டிப் பணியாரம், கந்தரப்பம் கொடுக்கலாம்.

பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்கு நடுவே ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணாடி உடைகிற சத்தமும் பெண் அலறலும் கேட்டால் தெரு என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்கும் தெரு வாட்ச்மேனுக்கும் சாயங்காலமே சொல்லிவிடுங்கள்.

படம் முடிந்தவுடன்

யாரையும் பேசவிடாதீர்கள். விளக்கைப் போடு, துண்டுச் சீட்டைக் கொடு. ஐந்து நிமிடம், நான்கு கேள்வி:

எந்த இடத்தில் முதலில் பயம் வந்தது?
எந்த இடத்தில் படத்தை நம்புவதை விட்டீர்கள்?
யார் தப்பிக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?
ஒரு காட்சியை வெட்டச் சொன்னால் எதை வெட்டுவீர்கள்?

பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கவே வேண்டாம். ஆறரை என்று எழுதியவரிடமும் எட்டு என்று எழுதியவரிடமும் பேச ஒன்றும் இருக்காது. சீட்டில் பெயர் வேண்டாம். நம் வீடுகளில் ஒரு பெரியவர் "படம் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டால் சின்னவர்கள் வாய் திறப்பதில்லை. சீட்டுகளைக் கலைத்துப் படித்தபின் வயதில் இளையவரிடம் தொடங்கி, பெரியவர்களைக் கடைசியில் கேளுங்கள்.

அடுத்து ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள். படத்தில் வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போடச் சொல்லுங்கள். வாசல் எங்கே, மாடிப்படி எங்கே, அந்த அறை எங்கே. இதைத் தவிர்க்கவே கூடாது, மாலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வாதம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"அந்தப் பொண்ணு எதுக்கு உள்ள போயிப் பூட்டிக்கிட்டா? கொல்லைப் பக்கமா ஓடியிருக்கலாம்ல?"

"ஆச்சி, நீங்க எந்தக் கொல்லையச் சொல்றீக? இதுல போட்டுக் காட்டுங்க."

பென்சிலை எடுத்தவர் முகப்பு போடுவார், வளவு போடுவார், இரண்டாங்கட்டு போடுவார், அங்கே நின்றுவிடுவார். அவர் வரைந்தது செட்டிநாட்டு வீடு. இங்கே ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அடுத்த தெருவில் கொல்லைவாசல். வாசலில் நின்றால் கட்டுகளைத் தாண்டிப் பின்கதவு வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். படத்தில் வருவது நியூயார்க்கின் ஒடுங்கிய நான்கு மாடி வீடு. வந்தவர்கள் கீழே நிற்கிறார்கள், தாயும் மகளும் மேலே. இறங்க ஒரு மாடிப்படியும் ஒரு லிஃப்ட்டும். ஓடுவதானால் அவர்கள் கைக்குள்தான் போய் விழ வேண்டும். நாம் படம் பார்க்கும்போது நம் வீட்டின் நீளத்தையே அதில் போட்டுப் பார்க்கிறோம். "முட்டாள்தனமான முடிவு" என்று எழுதிய சீட்டுகளில் பல, வரைபடம் போட்டபின் தானாக வாபஸ் ஆகும். வாபஸ் ஆகாதவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் உண்மையான ஓட்டை இருக்கும்.

இன்னொரு பக்கம், பத்திரமான அறை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெட்டக அறை. அது பொருளுக்கானது, வெளியிலிருந்து பூட்டுவது. ஆள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறை என்பதே சிலருக்கு ஒட்டாது. அவர்களுக்குப் படம் பிடிக்காமல் போக அது போதும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேசவிடுங்கள்.

சிக்கும் இடங்கள்

"ஏன் போலீசுக்குப் போன் பண்ணல?" இந்த வகைப் படம் எதைப் போட்டாலும் இது வரும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, அந்த நிமிடத்தில் நமக்குத் தெரிந்தது ஒரு பக்கம், கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது மறுபக்கம் என்று எழுதுங்கள். 'பேனிக் ரூம்' அறைக்குள் இருக்கும் தனி போன் இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதைத் தவறவிட்டவர்கள்தான் இங்கே அதிகம் கத்துவார்கள். அந்த இடத்துக்குப் படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தீரும். வாயால் விளக்கினால் அரை மணி ஆகும்.

"முதல் இருபது நிமிஷம் வேஸ்ட்" என்பவருக்குத் தனி வேலை கொடுங்கள். அந்த இருபது நிமிடத்தை மறுநாள் பகலில் தனியாகப் பார்த்து, பின்னால் பயன்படுகிற பொருட்களை மட்டும் பட்டியல் போட வேண்டும். பட்டியல் ஐந்துக்குக் கீழே நின்றால் அவர் சொன்னது சரி.

வில்லன் மேல் இரக்கம் வந்ததா என்பதில்தான் கூட்டம் உண்மையாகவே இரண்டாகும். 'பேனிக் ரூம்' மூவரில் பர்ன்ஹாம் இப்படிப்பட்ட அறைகளைக் கட்டிப் பிழைக்கிறவன், பணமுடையில் வந்தவன். கடைசியில் தப்பிக்க முடிந்தும் திரும்பி வந்து அவர்களைக் காப்பாற்றுகிறான், மாட்டிக்கொள்கிறான். அவன் எடுத்துப்போன, வைத்திருப்பவருக்கே பணம் தரும் பத்திரங்கள் காற்றில் பறக்கின்றன. "அவனை விட்டிருக்கணும்" என்று ஒரு பாதி, "வீடு புகுந்தவன் வீடு புகுந்தவன்தான்" என்று ஒரு பாதி. பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும் தனியாக இருப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், வெளியூரில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தீர்ப்பு சொல்ல வேண்டாம். 'ஹஷ்' போட்டால் இந்த இடத்தில் வேறு சண்டை. கொலைகாரன் தொடக்கத்திலேயே முகமூடியைக் கழற்றிவிடுகிறான். முகம் தெரிந்ததும் பயம் போய்விட்டது என்பவரும், இனி அவளை உயிரோடு விடமாட்டான் என்று அப்போதுதான் பயம் வந்தது என்பவரும் ஒரே காட்சியைத்தான் சொல்கிறார்கள்.

பயமே வரவில்லை என்று சாதிப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. மூன்று நிமிடக் காட்சி ஒன்றை முதலில் சத்தமில்லாமல் போடுங்கள். பிறகு படமில்லாமல் சத்தம் மட்டும். கண்ணால் பயப்படுகிறவர், காதால் பயப்படுகிறவர் என்று கூட்டம் பிரிவது கண்கூடாகத் தெரியும். படத்தை மறைக்க ரிமோட்டில் 'பிளாங்க்' பட்டனை அமுக்குங்கள். லென்ஸ் முன்னால் அட்டையோ துணியோ வைத்தால் சூட்டில் கருகும்.

இது பிடித்துப்போன கூட்டத்துக்கு அடுத்த மாதம் 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' போடலாம். ஆள் புகும் கதை அது இல்லை, வீட்டில் நடந்த ஒரு கொலை. பாட்டே கிடையாது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். சீட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு அது இன்னும் ருசிக்கும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். புரொஜெக்டர் ஆறியபின் வயரைச் சுற்றி, திரையை மடிக்காமல் பைப்போடு உருட்டி வையுங்கள். மடித்தால் அடுத்த முறை கோடு விழும். பிறகு கொல்லை பல்பை அணைத்து, பின்கதவைத் தாழிட்டு, சாவி எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அன்றிரவு யாரும் தனியாகப் போக மாட்டார்கள். படம் சுமார் என்று எழுதிக்கொடுத்தவர்களில் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புங்கள்.